ரூத்தம்மாவின் அம்மா பாடிய பாட்டு

என் மகள் திவ்யாவின் கல்யாண வரவேற்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இடது பக்கம் சம்பந்தியம்மா. வலது பக்கம் ரூத்தம்மா. எழுபத்தாறு வயது அமெரிக்கப் பெண்மணி. நான் கட்டிவிட்ட பட்டுப்புடவை எங்கே அவிழ்ந்துவிடுமோ என்று மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார்.

திருவண்ணாமலை பைபாஸ் பக்கம் புதிதாகக் கட்டிய மண்டபம். ஏசி போட்டிருந்தும் பின்பக்கம் காலிஃபிளவர் பொரிக்கும் எண்ணெய் வாசனை முன்வரிசை வரை வந்தது. மேடையில் திவ்யாவும் மாப்பிள்ளையும் மாலையோடு நின்றிருந்தார்கள். அதே மேடையின் ஓரத்தில் பாட்டுக் கச்சேரிக்கு இடம் விட்டிருந்தார்கள். கச்சேரி மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. யார் குழு, எந்த ஊர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

குனிந்து கீபோர்டுக்கு ஒயர் சொருகிக்கொண்டிருந்த ஆளின் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் நிமிராமலே மைக்கை நகத்தால் மூன்று தட்டுத் தட்டி, "செக்... செக்... வணக்கம்" என்றார்.

முகத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. பத்தொன்பது வருடம் கேட்ட தட்டு அது. தேவராஜ் அண்ணன்.

சட்டென்று குனிந்து, நாற்காலிக்கு அடியில் விழாத எதையோ தேடினேன்.

"இன்னா சம்பந்தி, எதனா விழுந்துட்ச்சா?" என்றார் சம்பந்தியம்மா.

"ஒண்ணுமில்லீங்க. செருப்பு வாரு."

நான் பாடாதவள் ஆன கதை

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு தேவராஜ் அண்ணனைத் தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வரி: கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பழைய வேனில் கிளம்பி, ஆடி மாத அம்மன் கோயில்கள், கல்யாணங்கள், கட்சிக் கூட்டங்கள் என்று மாவட்டம் முழுக்கச் சுற்றிய தேவராஜ் மெல்லிசைக் குழுவில் நான் பாடகி. அந்த வேனை ஓட்டியவர்தான் என் வீட்டுக்காரர். திவ்யா பத்தாவது படிக்கும்போது அவர் போய்ச் சேர்ந்ததைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். திரும்ப எழுதத் தெம்பில்லை.

சம்பந்தி வீட்டாருக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் ஆரணிக்காரர்கள். அவர்களைப் பொறுத்தவரை நான் ரமணாசிரமம் பகுதியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர். வாழ்க்கையில் மைக்கைத் தொடாதவள்.

அந்தப் பொய்யைச் சொன்னவள் திவ்யா. சென்னையில் வேலை பார்த்த இடத்தில் அவளே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள், சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அம்மா, நீ பாடினத சொல்லாத. சமையல் வேலையும் சொல்லாத. நான் வேற சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏன்டி, பாடினது திருட்டா?"

"உனக்குத் தெரியாதா ஏன்னு?"

தெரியும். அவள் ஏழாவது படிக்கும்போது, எங்கள் ஊர்த் திருவிழாவில் பாடிக்கொண்டிருந்தேன். குடித்துவிட்டு ஒருவன் மேடையேறி, என் தோளில் ரூபாய் நோட்டைக் குத்தினான். ஊசி சதையில் ஏறியது. பாட்டை நிறுத்தக் கூடாது என்பது தேவராஜ் அண்ணனின் சட்டம். சிரித்துக்கொண்டே பாடி முடித்தேன். கூட்டத்தில் திவ்யா ஒரு சிநேகிதியோடு நின்றிருந்தாள்.

மறுநாளிலிருந்து வகுப்பில் பையன்கள் அவள் தோளில் காகிதத்தைக் குத்த ஆரம்பித்தார்கள். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. சட்டையில் ஓட்டைகள் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் சண்டை போட்டிருக்கலாம். அன்று சாயந்திரம் போளூர் பக்கம் கச்சேரி இருந்தது. போய்விட்டேன்.

அதனால் அவள் கேட்டபோது சரி என்றேன்.

செங்கம் ரோடு வீடு

குழு சுருங்கிப்போன கதை எல்லோருக்கும் தெரிந்தது. முதலில் வயலின்காரர் போனார். பிறகு தபலா. கடைசியில் எல்லா வாத்தியமும் ஒரு பென்டிரைவுக்குள் அடங்கியதும், பாடுவதற்கும் சின்ன வயதுப் பெண்களே போதும் என்று ஆகிவிட்டது. நான் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் சமைக்கப் போனேன்.

ரூத்தம்மா அப்படிக் கிடைத்தவர். சீசனுக்கு வந்து போகிறவர் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக இங்கேயே இருந்தவர். காய்கறிக்காரம்மாவோடு பேரம் பேசும் அளவுக்குத் தமிழ் தெரியும். அதற்குமேல் போனால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அவர் பாதிக்குப்பாதி ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி இங்கே எழுதுகிறேன்.

கண் ஆபரேஷன் முடிந்து, கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம். நான் அடுப்பில் பாசிப்பருப்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பாட்டு வந்தது. இரைச்சலும் பொரிச்சலுமாகப் பழைய ரெக்கார்டு. டிரம்பெட், சாக்சபோன், கிளாரினெட் எல்லாம் கும்பலாகப் புறப்பட்டு ஓடின. பத்துப் பதினைந்து பேராவது வாசிக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு நிமிடத்துக்குமேல் ஓடிய பிறகு ஒரு பெண் குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல். எட்டு வரி பாடியிருப்பாள். மறுபடி வாத்தியங்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு வந்து முடித்துவிட்டன.

கரண்டியோடு உள்ளே போனேன்.

"அந்தப் பொண்ணு எங்கம்மா போச்சு?"

"உக்காந்துட்டா," என்றார் ரூத்தம்மா.

அந்த நாட்களில் அதுதான் வழக்கமாம். ஜனங்கள் அந்த ரெக்கார்டுகளை ஆடுவதற்கு வாங்கினார்கள். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குமேல் கொள்ளாது. அதில் குழுத்தலைவருக்கும் வாத்தியங்களுக்கும் போக மிச்சம்தான் பாடுகிறவளுக்கு. மேடையில் கவுன் போட்டுக்கொண்டு ஓரமாக ஒரு நாற்காலியில் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பாள். முறை வந்ததும் எழுந்து பாடுவாள். பாடி முடித்ததும் மறுபடி போய்ச் சிரித்த முகமாக உட்காருவாள்.

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. நான் அங்கேயே நின்றிருந்தேன்.

கூண்டுப் பறவைகள்

அன்றிலிருந்து தினமும் கேட்டோம். அவருடைய கம்ப்யூட்டரில் இருநூறு, முந்நூறு பாட்டு இருக்கும். எல்லாம் அவர் பிறப்பதற்கு முன்னும் பின்னுமாக, அந்தப் பெரிய யுத்தம் நடந்த வருடங்களில் அமெரிக்கா முழுக்க முணுமுணுத்தவை.

ஓர் ஆண் குரல் உண்டு. மேடையில் நின்று பாடுகிற மாதிரியே இருக்காது. காதுக்குப் பக்கத்தில் வந்து ரகசியம் சொல்கிற மாதிரி இருக்கும். மைக் நன்றாக வந்த பிறகுதான் அப்படிப் பாட முடிந்தது என்றார் ரூத்தம்மா. மூன்று அக்கா தங்கைகள் ஒரே தொண்டையில் பாடுவார்கள். ஒருத்தி எங்கே முடிக்கிறாள், அடுத்தவள் எங்கே பிடிக்கிறாள் என்று எவ்வளவு கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கறுப்பினப் பெண்ணின் குரல். தாளத்துக்குச் சற்றுப் பின்னாலேயே நடந்து வந்து, விட்டுவிட்டாள் என்று நாம் நினைக்கும்போது சரியாக வந்து சேருவாள். வெள்ளைக்காரக் குழுக்களோடு பாடப் போன அந்த மாதிரிப் பாடகிகளைச் சில ஹோட்டல்களில் மேடையேற்றுவார்களாம், முன்வாசல் வழியாக விடமாட்டார்களாம். சாமான் ஏற்றும் லிஃப்டில் வரச் சொல்வார்களாம்.

அதைக் கேட்டபோது எங்கள் டிரம்ஸ் ஏழுமலை ஞாபகத்துக்கு வந்தான். சில ஊர்களில் நாங்கள் எல்லோரும் விழாக்காரர் வீட்டுக் கூடத்தில் இலைபோட்டுச் சாப்பிடும்போது, அவனுக்கு மட்டும் சாப்பாடு வேனுக்குப் போகும். ஏன் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. தெரியாமல் இல்லை.

குழுவில் பாடும் பெண்களுக்கு அந்த ஊரில் ஒரு பட்டப்பெயர். மஞ்சள் நிறத்தில் கூண்டில் வளர்க்கும் ஒரு சின்னப் பறவையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். பதினைந்து ஆண்களோடு ஒரு பஸ்ஸில் ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ்ஸிலேயே தூங்கி, கிடைத்த இடத்தில் கவுனுக்கு இஸ்திரி போட்டு, சாயந்திரம் தேவதை மாதிரி நிற்க வேண்டும்.

"எங்க வேன்ல இஸ்திரிப் பெட்டி இல்ல. புடவைய மடிச்சி சீட்டுக்கடியில வெச்சி அது மேல நானே உக்காந்துக்குவேன்," என்றேன்.

ரூத்தம்மா சிரித்துச் சிரித்து இருமினார்.

இன்னொன்றும் சொன்னார். யுத்த சமயத்தில் வாத்தியக்காரர்கள் எல்லாம் சேர்ந்து, இனி ரெக்கார்டுக்கு வாசிக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்களாம். கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாத்தியத்துக்குப் பதில் பின்னால் பத்துப் பேரை நிறுத்தி வாயாலேயே 'ஊ' பாட வைத்து, பாடகர்களை முன்னால் விட்டு ரெக்கார்டு போட்டார்கள். வாத்தியக்காரர்கள் திரும்பி வந்தபோது பாடகர்கள் பெரிய ஆளாகியிருந்தார்கள். கொஞ்ச வருடத்தில் பெரிய குழுக்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. ரெக்கார்டு மேல் பெயர்கள் இடம் மாறின. குழுத்தலைவர் பெயர் இருந்த இடத்தில் பாடகர் பெயர் தங்க எழுத்தில் வந்தது.

"அப்ப உக்காந்திருந்த பொண்ணுங்களுக்கும் நல்ல காலம் வந்திருக்குமே?"

"சில பேருக்கு," என்றார். "எங்க அம்மாவுக்கு இல்ல."

எவ்லின்

முதல் நாள் நான் கேட்ட எட்டு வரி அவருடைய அம்மா பாடியது.

அம்மா பெயர் எவ்லின். பத்தொன்பது வயதில் ஒரு பெரிய வாத்தியக் குழுவில் சேர்ந்து, இரண்டு மூன்று வருடம் பஸ்ஸில் சுற்றியவர். அந்த ஒரு பாட்டு மட்டும் எப்படியோ ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. காசு போட்டால் பாடும் பெட்டி இருந்த எல்லாக் கடைகளிலும் அதுதானாம். கப்பலில் சண்டைக்குப் போனவர்கள் ரேடியோவில் அதைக் கேட்டார்களாம்.

வயிற்றில் ரூத்தம்மா வந்ததும் எவ்லின் விலக வேண்டியதாயிற்று. அதே வாரத்தில் வேறொரு பெண் வந்துவிட்டாள். எவ்லினின் கவுனையே கீழே மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, எவ்லினின் பாட்டையே பாடினாள்.

ரூத்தம்மா இரும்புப் பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒரு கறுப்பு இசைத்தட்டை எடுத்தார். ஊரை விட்டு வந்தபோது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இதை மட்டும் கொண்டுவந்தாராம். போட்டுக் கேட்க அவரிடம் கருவி கிடையாது. நடுவில் ஒட்டியிருந்த தாளில் குழுத்தலைவர் பெயர் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரே ஒரு விவரம். இதில் பாட்டும் உண்டு, அவ்வளவுதான். யார் பாடியது என்று இல்லை. காபியோடு பிஸ்கட்டும் உண்டு என்று போடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

எங்கள் நோட்டீசிலும் 'தேவராஜ் மெல்லிசைக் குழு' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே 'பாடகர், பாடகியர் பங்குபெறும்' என்றுதான் போடுவார்கள்.

அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டேன். இந்திப் பாட்டுகளுக்குச் செய்கிற மாதிரி, நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ரயில் போய்விட்ட பிறகும் நடைமேடையை விட்டுப் போக மனசில்லாமல் ஒரு பெண் நிற்கிறாள். பாட்டில் அதற்குமேல் கதையில்லை. பீன்ஸ் நறுக்கும்போது பாடுவேன். ரூத்தம்மா உள்ளேயிருந்து, "இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா" என்பார்.

மளிகைக் கடை

திவ்யா சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன மறுநாள், மனசு கேட்காமல் ரூத்தம்மாவிடம் கேட்டேன்.

"உங்க அம்மா பாடினவங்கன்றதுல உங்களுக்குப் பெருமையா இருந்துச்சாம்மா?"

ஆமாம் என்று சொல்வார், வீட்டுக்குக் கொஞ்சம் லேசாகப் போகலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. நடந்த ஒன்றைச் சொன்னார். அவருக்குப் பதினோரு வயது. மளிகைக் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். எவ்லின் தன்னை மறந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். பின்னாலிருந்த ஓர் ஆள், முன்னாள் சிப்பாய், ஓடி வந்து, "அந்தக் குரல்! கப்பல்ல தினமும் கேட்டேனே, நீங்கதானே?" என்கிறான். கண்ணில் தண்ணீர் வேறு. கடையே திரும்பிப் பார்க்கிறது.

பள்ளியில் ரூத்தை, ஆம்பளைகளோடு பஸ்ஸில் சுற்றியவளின் பெண் என்று சொல்வார்களாம். அதனால் அந்தச் சிறுமி முந்திக்கொண்டு, "இல்ல. எங்க அம்மா பாடினதே இல்ல" என்று சொல்லியிருக்கிறாள்.

எவ்லின் மகளைப் பார்த்தார். பிறகு அந்த ஆளிடம், "குழந்தை சொல்றது சரி" என்றார்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் உயிரோடு இருந்தாராம். வீட்டுக்குள்கூட ஒருநாளும் பாடவில்லையாம்.

"இருபத்திரெண்டு வருஷம் இந்த மலைய சுத்தி நடந்தேன் சுகந்தி. அந்தக் கடைய விட்டு வெளிய வரல," என்றார்.

அழுதுவிட்டேன். அழுத வேகத்தில் திவ்யா சொன்னதையெல்லாம் அவரிடம் கொட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னு சொல்லாதே" என்றார்.

"எம் பொண்ணு வாழ்க்கைம்மா அது. நீங்களும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க," என்றேன்.

தலையாட்டினார். புரிந்துகொண்டார் என்று நினைத்து, கல்யாணத்துக்கும் கூப்பிட்டேன்.

மறுபடி மண்டபம்

கச்சேரி தொடங்கி மூன்றாவது பாட்டில் தேவராஜ் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவருக்கு அது வெட்கமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னைக்கி நமக்கு ஒரு ஆச்சரியம்ங்க," என்றார் மைக்கில். "நம்ம குழுவுல பத்தொம்போது வருஷம் பாடின சுகந்தி இங்க முன்னாடியே உக்காந்துக்கினு இருக்காங்க. மேடைக்கு வந்து ஒரு பாட்டு பாடணும்னு கேட்டுக்கறேன்."

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். "சுகந்தின்றாரே. உங்களையா?"

"இல்லீங்க. வேற யாரோ."

மேடையைப் பார்த்தேன். போட்டோகிராஃபர் சொன்ன மாதிரி மாப்பிள்ளையின் தோளில் கை வைத்துக்கொண்டிருந்தாள் திவ்யா. சிரிப்பு அப்படியே உறைந்திருந்தது.

தேவராஜ் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை மேடை பார்த்தவர். "ஆள் மாறிப்போச்சு போல, மன்னிச்சிக்கோங்க," என்று சொல்லிக் கீபோர்டு பக்கம் திரும்பினார். அதோடு முடிந்திருக்கும்.

ரூத்தம்மா எழுந்து நின்றார்.

"இவங்கதான்! பொய் சொல்றாங்க, இவங்கதான்!" குரல் உடைந்தது. "பெரிய பாடகி. என் வீட்டுல சமையல். தினமும் சமையல், தினமும் பாட்டு!"

என் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை இல்லை. அறுபத்தைந்து வருடம் பின்னால் ஏதோ ஒரு மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளைக்காரர் தமிழ் பேசினால் நம் ஜனங்கள் கை தட்டாமல் இருக்க மாட்டார்கள். பின்வரிசையில் ஆரம்பித்து மண்டபமே தட்டியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் விசிலடித்தார்கள். நான் மேடையேறினேன்.

ஒரு சினிமாப் பாட்டு பாடினேன். இறங்கப் போனேன். கீழேயிருந்து ரூத்தம்மா, "அம்மா பாட்டு! அம்மா பாட்டு!" என்று கத்தினார். அதையும் பாடினேன். தேவராஜ் அண்ணன் முதலில் ஒற்றை விரலால் தேடி, பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில், கொண்டை நிறைய மல்லிகைப்பூவோடு ஐம்பது தாண்டிய ஒருத்தி, யுத்தகாலத்து அமெரிக்கப் பாட்டை முழுதாக இரண்டு தடவை பாடினாள். எப்படிப் பாடினேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு

மறுநாள் காலையில் தாலி கட்டினார்கள். எதுவும் நின்றுவிடவில்லை.

பந்தியில் சம்பந்தியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாடறது தப்பாங்க? எங்க சித்தப்பாவே தெருக்கூத்துல வேஷம் கட்டினவருதான். சமையல் வேல பாத்தா இன்னா, கேவலமா? இதுக்குப் போய் யாராவது பொய் சொல்லுவாங்களா?" பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு, "உங்க பொண்ணு இன்னும் எத்தினி பொய் சொல்லியிருக்கோ," என்றார்.

அவர்களுக்கு என்மேல் கோபமே இல்லை. ஆரணியில் எந்த விசேஷம் என்றாலும் என்னைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். திவ்யா அந்த நேரத்தில் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவளைத்தான் அவர்கள் நம்பவில்லை. சென்னையில் ஆபீசில் நேரமாகிவிட்டது என்றால் போன் போட்டு, யாரோடு இருந்தாய் என்பார்கள். ஆரணிக்கு வந்த இடத்தில் காய்ச்சல் என்றால் மாமியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் படுக்க விடுவார். நாங்கள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. பயந்து சொன்ன பொய்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் ரூத்தம்மா வீட்டுக்குப் போனேன். முகம் தெளிந்து பத்து வயது குறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தன்றுதான் நன்றாகத் தூங்கினாராம். "இப்ப எனக்கு நிம்மதி சுகந்தி. ரொம்ப நிம்மதி," என்றார்.

"உங்க அம்மாவுக்கு நீங்க பண்ணதுக்கு எம் பொண்ணு ஏம்மா தண்டன அனுபவிக்கணும்?" என்றேன்.

தண்டனை என்ற வார்த்தை அவருக்குத் தெரியவில்லை. நான் ஏதோ நன்றி சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். விளக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வீட்டுச் சாவியை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு தடவை ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. அடுத்த வருடம் அமெரிக்காவுக்கே திரும்பிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இன்னும் இருக்கிறாரோ என்னவோ. அந்தப் பாட்டை நான் பிறகு பாடவில்லை.

திவ்யா பிரசவத்துக்குக் கீழ்பென்னாத்தூர் வந்தாள். அதுவரை போனில், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்பதற்குமேல் அவள் என்னோடு பேசியதில்லை. ஒரு மத்தியானம், கரண்ட் இல்லை. பின்வாசல் படியில் அவளை உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதுகு காட்டிக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கி உன் மூஞ்சியப் பத்தி ஒண்ணு சொல்லணும்மா."

அவள் எதைக் கேட்கப் போகிறாள் என்று தெரிந்த மாதிரி நான் முந்திக்கொண்டேன். "நான் இல்லன்னுதான்டி சொன்னேன். உங்க மாமியாரு கேட்டப்ப, வேற யாரோன்னு சொன்னேன். வேணும்னா அவங்களையே கேளு."

"கேட்டேன். அவங்களும் அதான் சொன்னாங்க."

"அப்புறம் இன்னாடி?"

"அந்தம்மா கைய புடிச்சி தூக்கிடுச்சி, நீ இன்னா பண்ணுவ. அத நான் கேக்கல." நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டாள். "நீ பாடும்போது நான் நாலடி தள்ளி நின்னுக்கினு இருந்தேன். உன்னையேதான் பாத்துக்கினு இருந்தேன். எனக்கு அங்க உசுரே போவுது. நீ ஒரு தடவ கூட என் பக்கம் திரும்பல. அப்படி ஒரு சிரிப்பு உன் மூஞ்சில. மறுநாளு எனக்குத் தாலி கட்டும்போது கூட நீ அப்படி சிரிக்கலம்மா."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னது உண்மை.

"இப்படித் திரும்பு. இந்தப் பக்கம் இன்னும் எண்ணெ வெக்கல," என்றேன்.

அவள் திரும்பவில்லை.